நெத்திலியில் ஒட்டிய கறுப்பு

"எந்தக் கட்சி பேனர்மா இது?" என்று கேட்டார் கண்டக்டர்.

பேனர் இல்லை என்றேன். என் உயரத்துக்கு நிற்கும் ஒரு பிளாஸ்டிக் குழாயை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கடலூர் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். பிரேக் போடும்போதெல்லாம் அது முன்சீட்டுக்காரரின் பிடரியில் இடித்தது. அவர் அதற்குள் என்னைத் திரும்பிப் பார்ப்பதையே விட்டுவிட்டார்.

"அப்ப என்னாதான் அது?"

"வெளிச்சத்தைச் சூடா மாத்துற ஷீட்டு."

கண்டக்டர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். ஆவணி வெயிலில் தார்ச்சாலை மினுங்கிக்கொண்டிருந்தது. "வெயிலே சூடாத்தானம்மா இருக்குது. அத்த எதுக்கு மறுபடியும் சூடாக்கணும்?"

அடுத்த சில நாட்களில் இந்தக் கேள்வியை லாட்ஜ் மேனேஜர், ஆட்டோக்காரர், ஜெராக்ஸ் கடைக்காரர், ஒரு போலீஸ்காரர் எல்லாரும் கேட்டார்கள். முதல் முறை விளக்கமாகப் பதில் சொன்னேன். கடைசியில் "ஆமாம், பேனர்தான்" என்று சொல்லப் பழகிக்கொண்டேன்.

விஷயம் இதுதான். நான் மலேசியாவில், பட்டர்வொர்த்தில், ஒரு சின்ன நிறுவனத்தின் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். பிரிவு என்றால் நானும் ஒரு மேசையும். நாங்கள் செய்வது ஒரு படலம். தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியது. உலோகம் கிடையாது, கரிமப் பொருள், பிளாஸ்டிக்குக்குத் தூரத்து உறவு. அதைச் சாதாரண பிளாஸ்டிக் தாளின்மேல் பூசுவோம். கறுப்புத் துணியும் வெயிலில் சுடும்தான். ஆனால் தன்மேல் விழுகிற வெளிச்சத்தில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். எங்கள் படலம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பையும் சேர்த்து விழுங்கும். விழுங்கியதும் அதன் மூலக்கூறுகள் நடுங்கத் தொடங்கும். அந்த நடுக்கம்தான் சூடு. இதைக் கண்டுபிடித்தவர்கள் வேறு ஆட்கள். பூசியது உரிகிறதா, வெடிக்கிறதா, எதிலாவது கரைகிறதா என்று பார்த்து 'ஆகும்', 'ஆகாது' என்று சொல்வது மட்டும் என் வேலை.

கடலூர்ப் பக்கம் கருவாடு காயவைக்கிற பெண்களிடம் இதைக் கொடுத்துப் பார்ப்பதென்று முதலாளி லிம் யாரோடோ பேசி முடித்திருந்தார். "உனக்குத்தான் தமிழ் தெரியுமே, நீ போ" என்றார். எனக்குத் தெரிந்த தமிழ் கடலூருக்குப் போதாது என்பது திருப்பாதிரிப்புலியூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதுமே தெரிந்துவிட்டது. ஓட்டல்காரரிடம் "இங்கே பசியாறலாமா?" என்று கேட்டேன். அவர் உள்ளே திரும்பி, "டேய், யாரோ கோயில்ல அன்னதானம்னு நெனச்சுக்கிட்டு வந்திருக்காங்கடா" என்றார். எங்கள் ஊரில் காலைச் சாப்பாட்டுக்குச் சொல்கிற சாதாரண வார்த்தை அது.

என்னை அழைத்துப்போக வேண்டியவர் அன்பழகன். ஒரு தொண்டு நிறுவனத்தின் ஒருங்கிணைப்பாளர். போன் செய்தால், "அஞ்சே நிமிஷம் மேடம், வந்துக்கிட்டே இருக்கேன்" என்றார். மேல்பட்டாம்பாக்கத்தில் அவர் அப்போதுதான் குளிக்கப் போயிருந்தார் என்று பிறகு அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். காத்திருந்த நேரத்தில் இரண்டு புரோட்டா சாப்பிட்டேன். எங்கள் ரொட்டி சானாய்க்கு இது அண்ணன் முறை ஆக வேண்டும். முரட்டு அண்ணன். சால்னா நன்றாக இருந்தது. அந்த நாளில் நன்றாக இருந்தது அது ஒன்றுதான்.

அன்பழகன் பைக்கில் வந்தார். குழாயைக் குறுக்கே பிடித்துக்கொண்டு பின்னால் ஏறச் சொன்னார். குறுக்கே பிடித்தால் தெரு பத்தாது என்றேன். "ஒண்ணும் ஆவாது மேடம்." முதல் திருப்பத்திலேயே டீக்கடையில் தொங்கிய வாழைத்தார் குழாயில் மாட்டிச் சரிந்தது. கடைக்காரர் வெளியே ஓடி வந்தார். "கோச்சுக்காத மாமா, மலேசியாலேர்ந்து வந்திருக்காங்க மாமா" என்று கத்திக்கொண்டே அன்பழகன் வேகத்தைக் கூட்டினார்.

"உங்க சொந்தக்காரரா?"

"அவுரா? யாருன்னே தெரியாது மேடம்."

மறுநாள் காலை குப்பத்துக்குப் போனோம். பழைய நகரத்தைத் தாண்டித் தெற்கே இருக்கிறது. ஊர்ப் பெயரை எழுதக் கூடாது என்று பூங்காவனம் அக்கா சொல்லியிருக்கிறார், அதனால் எழுதவில்லை. அங்கே கருவாடு போடும் பெண்களுக்கு அவர்தான் முன்னே நிற்பவர். ஐம்பதைத் தாண்டியிருப்பார். பக்கத்தில் நிற்கிற ஆளிடமும் படகில் இருப்பவனைக் கூப்பிடுகிற குரலில்தான் பேசுவார். மழைக்காலம் வந்துவிட்டால் போட்ட மீன் காயாமல் புழு வைத்துப் போகிறது, வியாபாரிகள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள், அந்த மாதங்களில் அவர்களுக்கு வேறு பிழைப்பு கிடையாது. அதனால்தான் எங்கள் சோதனைக்கு ஒப்புக்கொண்டிருந்தார். ஒரு கூடை நெத்திலி எனக்காகத் தயாராக இருந்தது. எங்கள் ஊரில் இதை ஈக்கான் பிலிஸ் என்போம். நாசி லெமாக் மேல் இது இல்லையென்றால் சண்டை வரும்.

அன்பழகன் மூங்கில் சட்டங்களை ஏற்பாடு செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. "மச்சான் ஒருத்தன் கொண்டாறேன்னான்" என்றார். மச்சான் வரும்வரை மணலில் நின்றோம். சட்டம் வந்து, கீழே படலத்தை விரித்து, ஒரு சாண் மேலே வலையைக் கட்டி, வலையில் மீனைப் பரப்பி முடித்தபோது பொட்டென்று வெளிச்சம் போய்விட்டது. மேற்கே மேகம் திரண்டிருந்தது.

"ஒரு வாரமா சுட்டுப் பொசுக்கிக்கிட்டு கெடந்துச்சு" என்றார் பூங்காவனம். "சூடாக்குறேன்னு நீ வந்த. மழையக் கூட்டிக்கிட்டு வந்துட்ட."

மீனை வாரிக்கொண்டு ஓடினோம். நனைந்த படலத்தின்மேல் ஒரு நாய் நிதானமாகப் படுத்து உருண்டது. சாயங்காலம் லிம் போனில் கேட்டார்: "எப்படி?" நாய்க்குப் பிடித்திருக்கிறது என்றேன்.

மூன்றாம் நாள் வெயில் வந்தது. சும்மா சொல்லக் கூடாது, எங்கள் படலம் வேலை செய்தது. வலைக்குக் கீழிருந்து எழுந்த அனல் கையில் அடித்தது. வழக்கமாக மறுநாள் மாலைவரை காய வேண்டிய மீன் அன்று உச்சிப் பொழுதைத் தாண்டுவதற்குள் காய்ந்துவிட்டது. பூங்காவனம் ஒரு நெத்திலியை எடுத்து ஒடித்தார். சட்டென்று முறிந்தது. பக்கத்தில் நின்ற பெண்ணின் காதருகே அதை இன்னொரு முறை ஒடித்துக் காட்டினார். அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் மற்ற பெண்களும் கூடைகளோடு வரத் தொடங்கினார்கள். நான் லிம்முக்கு வீடியோவில் காட்டினேன். நாற்காலியிலிருந்தே எழுந்துவிட்டார். "இதைத்தான் முதலீட்டாளர்களுக்குக் காட்டப்போகிறேன். அந்த அம்மாவைச் சிரிக்கச் சொல்!" என்றார். பூங்காவனம் அதற்குள் அடுத்த படகு மீன் ஏலம் எடுக்கத் துறைக்குப் போயிருந்தார்.

சிக்னல் சரியாகக் கிடைக்காததால் போனைப் பிடித்துக்கொண்டு சாலைவரை நடந்துபோயிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால், வலையில் இடம் பத்தாமல், மிச்சப் படலத்தை மணலில் விரித்து அதன்மேலேயே நேராக மீனைக் கொட்டிப் பரப்பியிருந்தார்கள். ஒருத்தி துடைப்பத்தால் புரட்டிக்கொண்டிருந்தாள்.

"யார் இப்படிப் போடச் சொன்னது?"

"எடம் பத்தல மேடம்" என்றார் அன்பழகன். "இதுல இன்னும் ஜாஸ்தி சூடு. சீக்கிரம் காயுது பாருங்க!"

குனிந்து ஒரு மீனைத் திருப்பினேன். வெள்ளி வயிற்றில் பென்சிலால் கிறுக்கியதுபோல் கறுப்புக் கோடுகள். அடுத்த மீனிலும் அதே. விரலால் தேய்த்தேன், விரல் கறுத்தது. உப்புநீர், மீன் எண்ணெய், சூடு, துடைப்பம் எல்லாம் ஒன்றுசேர்ந்து பூச்சை உரித்துக்கொண்டிருந்தன. உப்புநீரில் ஊறவைத்துப் பட்டர்வொர்த்தில் நாங்கள் சோதித்திருந்தோம். மீன் எண்ணெயும் துடைப்பமும் எங்கள் சோதனையில் இல்லை.

லிம்மிடம் சொன்னேன். "கழுவிவிடச் சொல். வெறும் கரிதானே" என்றார்.

"கரி இல்லை. நாம் பூசினது. உங்களுக்கே தெரியும்."

"ஆபத்து என்பதற்கு உன்னிடம் ஆதாரம் இருக்கிறதா?"

"ஆபத்து இல்லை என்பதற்கு உங்களிடம் இருக்கிறதா?"

அவர் பேச்சை மாற்றினார். பிறகு, சிதம்பரத்தில் ஒரு ஆய்வுக்கூடம் இருக்கிறதே, அங்கே காட்டிவிட்டுப் பேசு என்று போனை வைத்துவிட்டார்.

பூங்காவனம் துறையிலிருந்து திரும்பவில்லை. அன்பழகனிடம் தெளிவாகத்தான் சொன்னேன்: "வலையில் காய்ந்தது வேறு, ஷீட்டில் காய்ந்தது வேறு. இரண்டையும் பிரிச்சு வைக்கச் சொல்லுங்க. ஷீட்டில் காய்ந்ததை விற்க வேண்டாம்னு சொல்லுங்க." சாயங்காலம் கேட்டபோது, "சொல்லிட்டேன் மேடம்" என்றார். அந்த 'சொல்லிட்டேன்'-ஐ நம்பி நான் தூங்கினேன்.

மறுநாள் ஒரு பாலிதீன் பையில் கறுப்புக் கோடு போட்ட நெத்திலியோடு சிதம்பரம் பஸ் ஏறினேன். மூன்று பை போட்டுச் சுற்றியும் வாசனை அடங்கவில்லை. செம்மங்குப்பத்தில் இரவு ஷிப்ட் முடிந்த ஆட்கள் ஏறினார்கள். ஒருவர் என் பக்கத்தில் உட்கார்ந்து மூக்கை உறிஞ்சி, "நெத்திலியா? எங்க வாங்குனீங்க?" என்று கேட்டார். விற்பனைக்கு இல்லை என்றேன். "கேக்கத்தான் செஞ்சேன்" என்று கோபித்துக்கொண்டு எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார். பிறகு ரயில்வே கேட். ஒரு ரயில் போனது. கேட் திறக்கவில்லை. எதிர்ப்பக்கமிருந்து இன்னொன்று போனது. அப்போதும் திறக்கவில்லை. டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கிப்போய் இளநீர் குடித்தார். எங்கள் ஊரில் தீவுக்குப் போகிற படகு தாமதமானால் ஒலிபெருக்கியில் மன்னிப்புக் கேட்பார்கள். இங்கே யாரும் யாரிடமும் எதையும் எதிர்பார்க்கவில்லை.

சிதம்பரத்தில் ரேவதி என்ற ஆய்வாளர் எனக்காகக் காத்திருந்தார். மின்சாரம் அவருக்காகக் காத்திருக்கவில்லை. பராமரிப்புக்காகக் காலையிலேயே நிறுத்தியிருந்தார்கள். ஜெனரேட்டர் உண்டா என்று கேட்டேன். "ஜெனரேட்டர் இருக்கு, சாவி வச்சிருக்கிறவர் கல்யாணத்துக்குப் போயிருக்கார்" என்றார் ரேவதி. அவருக்கே வெட்கமாக இருந்திருக்க வேண்டும். மாணவர்களுக்கான ஒரு பழைய நுண்நோக்கியை ஜன்னலோரம் தூக்கிவந்து, கண்ணாடியைத் திருப்பி வெயிலைப் பிடித்து, மீன் தோலை அதன்கீழ் வைத்தார். நானும் பார்த்தேன். செதிலுக்கு இடையில் கிழிந்த கறுப்புக் காகிதம்போல எங்கள் படலத்தின் துணுக்குகள்.

"உரிஞ்சிருக்கு. அதுல சந்தேகமே இல்ல" என்றார் ரேவதி. "சாப்பிட்டா என்ன ஆகும்னு என்கிட்ட கேட்காதீங்க. அது பெரிய சோதனை. மாசக்கணக்குல ஆகும்."

எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. கோயில் பக்கத்தில் ஒரு கடையில் உட்கார்ந்து இட்லியும் கத்திரிக்காய் கொத்சும் சொன்னேன். பரிமாறிய பையன் வடநாட்டுக்காரன். இன்னொருவனிடம் இந்தியில் ஏதோ சொல்ல, இருவரும் என் பையைப் பார்த்துச் சிரித்தார்கள். பக்கத்து மேசைக்காரர் எனக்கு மொழிபெயர்த்தார்: "சைவக் கடைக்குள்ள மீன் வந்திருக்குன்றான்." பையைக் காலுக்கடியில் தள்ளினேன். கொத்சு புளிப்பும் காரமுமாக நாக்கில் ஏறிக்கொண்டிருந்த நேரம் அன்பழகன் கூப்பிட்டார்.

"மேடம், சிதம்பரத்துலதான இருக்கீங்க? அப்படியே மார்க்கெட் பக்கம் போனா பூங்காவனம் அக்காவப் பாக்கலாம். காலைலயே கெளம்பிட்டாங்க."

"எதுக்கு?"

"நம்ம நெத்திலிய விக்கத்தான்."

"எந்த நெத்திலியை?"

பதிலை இழுத்தார். துண்டுதுண்டாகத்தான் விஷயம் வந்தது. அவர் அக்காவிடம் நேரில் சொல்லவில்லை. அக்காவின் நாத்தனாரிடம் சொல்லியிருக்கிறார். நாத்தனார், வலை மீன் வேறு, ஷீட்டு மீன் வேறு, பிரித்து வைக்கச் சொன்னார்கள் என்ற வரைக்கும் ஒழுங்காகச் சொல்லியிருக்கிறார். பிரித்து வைக்கச் சொன்னால் உசத்தி சரக்கு என்றுதானே அர்த்தம்? பூங்காவனம் அந்த உசத்தியைத் தனிக் கூடையில் எடுத்துக்கொண்டு முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டார்.

இட்லி பாதியில் கிடக்க ஓடினேன். மார்க்கெட்டில் கருவாட்டு வரிசையை வாசனையே காட்டிக் கொடுத்தது. பூங்காவனம் என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து கையை ஆட்டினார். "வா வா! பாத்தியா, அள்ளிக்கிட்டுப் போறாங்க!" கூடையில் பாதி காலியாகியிருந்தது. ஒருவர் மீனைக் கையில் எடுத்து ஒடித்துப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

"அக்கா, இதை விற்காதீங்க!" என்று கத்திவிட்டேன்.

ஒடித்துக்கொண்டிருந்தவரின் கை நின்றது. பக்கத்துக் கடைப் பெண் திரும்பினாள். பூங்காவனம் என் மணிக்கட்டைப் பிடித்து மூட்டைகளுக்குப் பின்னால் இழுத்துப்போனார்.

"மொள்ள பேசு" என்றார். அவர் குரல் அவ்வளவு தாழும் என்று எனக்கு அப்போதுதான் தெரியும். "இந்த மார்க்கெட்டுல எனக்கு எம்பேரு ஒண்ணுதான் இருக்குது. என்னா சொல்ற நீ?"

மீனைத் திருப்பிக் காட்டினேன். அவர் முந்தானையை நனைத்துத் தேய்த்தார். துணி கறுத்தது.

"மண்ணுன்னு நெனச்சேன். என்னா இது?"

"ஷீட்டுல பூசின பூச்சு. உரிஞ்சு ஒட்டியிருக்கு."

"தின்னா என்ன ஆவும்?"

"தெரியாதுக்கா."

"வெசமா?"

"அதுவும் தெரியாது. தெரியாததை யாருக்கும் திங்கக் குடுக்கக் கூடாது."

அவர் என்னையே பார்த்தார். "தெரியாதத எங்கிட்ட ஏன் குடுத்த?"

வலையில்தானே போட்டுக் காட்டினேன், அன்பழகனிடம் சொன்னேனே, நாத்தனார் பாதியைத்தானே சொன்னார் என்று எத்தனையோ பதில்கள் வாய்வரை வந்தன. அவர் அதற்கு நிற்கவில்லை. சாக்கை எடுத்துக் கூடையை மூடி, பக்கத்துக் கடைப் பெண்ணிடம், "உன் நெத்திலில ரெண்டு பொட்டலம் கட்டு, ஊருக்குப் போயி காசு குடுத்தனுப்புறேன்" என்று வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்து, "வா" என்றார்.

வாங்கியவர்களில் நிறையப் பேர் இன்னும் மார்க்கெட்டுக்குள்தான் சுற்றிக்கொண்டிருந்தார்கள். தப்பான கூடையைக் கொண்டுவந்துவிட்டேன், நாளைக்கு வேறு தருகிறேன் என்று அவர் சொல்ல, முணுமுணுத்துக்கொண்டே திருப்பிக் கொடுத்தார்கள். ஒரு மெஸ்காரர் மட்டும் அடுப்பில் எண்ணெய் காய்ந்துவிட்டது என்று வாதாடினார். பூங்காவனம் அவர் கையிலிருந்து பொட்டலத்தைப் பிடுங்கி இன்னொன்றைத் திணித்தார். கடைசியாக ஒரே ஓர் ஆள் பாக்கி. ஸ்ரீமுஷ்ணத்துக்காரப் பெண். மாசமாக இருக்கும் மகள் கருவாடு கேட்கிறாள் என்று நிறைய வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டார் என்றார் பூங்காவனம்.

மாசமாக இருக்கும் மகள். அதைக் கேட்டதுமே ஓடிப்போய் ஓர் ஆட்டோவை மறித்தேன்.

ஆட்டோவில் பஸ் ஸ்டாண்டுக்குள் நுழையும்போது ஸ்ரீமுஷ்ணம் பஸ் வெளியே வந்துகொண்டிருந்தது. பூங்காவனம் ஆட்டோ நிற்பதற்குள் குதித்து, புடவையை ஏற்றிச் செருகிக்கொண்டு, "நிறுத்துடா!" என்று பழைய குரலில் கத்தினார். டிரைவர் பயந்துதான் நிறுத்தினார். படியில் தொங்கிக்கொண்டிருந்தவர்களை இடித்துத் தள்ளிக்கொண்டு ஏறினோம். அந்த அம்மா நடுவில் ஜன்னலோரம் மடியில் பையோடு உட்கார்ந்திருந்தார். பஸ் கிளம்பிவிட்டது.

"யம்மா, அந்த நெத்திலியக் குடுத்துடு. இந்தா, வேற தரேன்."

"ஏன் குடுக்கணும்? பாத்து ஒடிச்சு வாங்குனேன். வாங்குனது வாங்குனதுதான்."

"தப்பாக் குடுத்துட்டேம்மா."

"நல்ல மீன ஏமாந்து குடுத்துட்ட, இப்ப மட்ட மீனத் தரப் பாக்குற. போம்மா அந்தாண்ட." பையை இன்னும் இறுக்கிக்கொண்டார். சுற்றியிருந்தவர்கள் அவர் பக்கம் சேர்ந்தார்கள். "வித்துட்டு வந்து புடுங்குறியே" என்றது ஒரு குரல். கண்டக்டர் எங்களிடம் டிக்கெட் எடுக்கச் சொல்லி விசிலால் கம்பியைத் தட்டினார். நான் வாயைத் திறந்தேன். பூங்காவனம் என் கையை அமுக்கினார். பஸ்ஸில் ஓடிய பாட்டுச் சத்தத்துக்கு மேல், கடைசி சீட்டுவரை கேட்கும்படி சொன்னார்:

"என் மீனு நல்லால்ல. சாயம் ஒட்டியிருக்குது. மாசமா இருக்குற பொண்ணுக்கு வேணாம். நான் பூங்காவனம் சொல்றேன், எம்மீனு நல்லால்ல."

தன் பெயர்தான் தனக்கு எல்லாம் என்று கொஞ்ச நேரம் முன்னால் சொன்னவர் அவர். அந்த அம்மா மெதுவாகப் பையைத் திறந்து பொட்டலத்தை எடுத்து நீட்டினார். பதிலுக்குக் கொடுத்ததை வாங்கும்போது, "உக்காரு" என்று நகர்ந்து இடமும் விட்டார். பூங்காவனம் உட்காரவில்லை.

அடுத்த நிறுத்தத்தில் இறங்கினோம். நிறுத்தம் என்றால் வயல்களுக்கு நடுவில் ஒரு புளியமரம். திரும்பிப் போகிற பஸ் எதுவும் நிற்கவில்லை. கடைசியில் வைக்கோல் ஏற்றிய ஒரு மினி லாரிக்காரர் ஏற்றிக்கொண்டார். வழி நெடுக வைக்கோல் கழுத்தில் குத்தியது. சிதம்பரம் வரும்வரை பூங்காவனம் மடியிலிருந்த பொட்டலத்தைக் கெட்டியாகப் பிடித்திருந்தார்.

அன்று மாலை லிம்மிடம் முடிவைச் சொன்னேன். "தோல்வி என்று எழுதாதே. 'மேம்பாடு தேவை' என்று எழுது" என்றார். உணவுப் பொருளுக்கு ஆகாது என்று எழுதுவேன் என்றேன். முதலீட்டாளர்கள் வரப்போகிற நேரத்தில் இப்படிச் செய்கிறாயே என்று கத்தினார். நானும் கத்தினேன். வேறு ஆளை அனுப்பி எழுதவைத்துக்கொள்ளுங்கள், என் கையெழுத்து இருக்காது என்றேன். எதிர்முனையில் நீண்ட பெருமூச்சு. "சரி. எழுதிக்கொள். ஆனால் ஒரு துண்டுகூட அங்கே விடாமல் எடுத்துக்கொண்டு வா." அந்த ஒரு விஷயத்தில் இருவருக்கும் ஒரே எண்ணம்.

ஆனால் மறுநாள் துண்டுகளைச் சேர்ப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. நான் சிதம்பரத்தில் அலைந்துகொண்டிருந்த நேரத்தில் மணலில் கிடந்த படலத்தைப் பெண்கள் வெட்டிப் பங்குபோட்டுக்கொண்டிருந்தார்கள். ஒன்று ஆட்டுக்கொட்டகையின் கூரையில். ஒன்று பைக் சீட்டில். உட்கார்ந்தவர் அலறிக்கொண்டு எழுந்தாராம். ஒன்றை அன்பழகன் தன் போன் கவருக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தார். அதைப் பிடுங்கும்போது எனக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. மீன் எல்லாவற்றையும் பூங்காவனமே ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்தார். மற்றப் பெண்களிடமும் அவரே காரணத்தைச் சொன்னார். திட்டினார்கள், அவரையும் சேர்த்து. நின்று கேட்டுக்கொண்டார். பிறகு ஒரு சாக்கை எடுத்துக்கொண்டு என்னோடு வீடு வீடாக வந்தார்.

கடைசி வீட்டில் துண்டு வாசலில் இருந்தது. ஒரு பெரிய அலுமினியக் குண்டானைச் சுற்றி, கறுப்புப் பக்கம் வெளியே தெரிய, மீன்வலை நரம்பால் இறுக்கிக் கட்டி வெயிலில் வைத்திருந்தாள் அந்த வீட்டுப் பெண். பெயர் தமிழரசி. பிள்ளை பெற்று மாதம் ஆகவில்லை. மூடியைத் திறந்தாள். வெதுவெதுப்பு முகத்தில் பட்டது.

"இத்த மட்டும் வுட்டுட்டுப் போங்கக்கா" என்றாள். "கேஸ் தீந்துபோச்சு. நேத்துலேர்ந்து இந்தச் சுடுதண்ணிலதான் பாப்பாவக் குளுப்பாட்டுறேன்."

"ஒண்ணும் வேணாம், அவுத்துக் குடு" என்று பூங்காவனம் சாக்கை விரித்தார்.

நான் குனிந்து பார்த்தேன். ஈரத் துணியால் படலத்தை அழுத்தித் தேய்த்தேன். துணி வெள்ளையாகவே இருந்தது. இங்கே மீன் எண்ணெய் இல்லை, துடைப்பமும் இல்லை. குண்டானின் விளிம்பைச் சுற்றி விரலை ஓட்டினேன். உள்ளே எட்டிப் பார்த்தேன். இன்னொரு முறை தேய்த்தேன்.

"இதுல பூச்சு தண்ணியத் தொடவே இல்லைக்கா" என்றேன். "வெளிச்சம் வெளியில விழுது. சூடு மட்டும்தான் அலுமினியத்தைத் தாண்டி உள்ளே போகுது. இதை மேலே ஏத்திக் கட்டாம, விளிம்புக்குக் கீழேயே வச்சுக்கிட்டா போதும். உரியத் தொடங்கினா தூக்கிப் போட்டுடணும்."

பூங்காவனம் சாக்கைக் கீழே போட்டுவிட்டு நிமிர்ந்தார். "உன் வீட்டுப் புள்ளைக்கு இந்தத் தண்ணிய ஊத்துவியா?"

சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு, தண்ணீருக்குள் முழங்கைவரை விட்டேன். இதமான சூடு. கையை எடுத்துப் பார்த்தேன். எதுவும் ஒட்டவில்லை. என் அக்கா மகளுடைய கைக்குழந்தை பட்டர்வொர்த்தில் இருக்கிறது. அதை நினைத்துப் பார்த்தேன்.

"ஊத்துவேன்."

"அப்ப இருக்கட்டும்" என்றார்.

பிறகு அவரே புடவையை முழங்காலுக்கு ஏற்றிக்கொண்டு, மணையில் உட்கார்ந்து காலை நீட்டினார். தமிழரசி குழந்தையைக் கொண்டுவந்து அவர் காலில் கிடத்தினாள். என்னிடம் செம்பை நீட்டினார்கள். என் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அன்பழகன் தெருவிலிருந்து ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். முதல் முறையாக அவர் சரியான நேரத்துக்கு வந்திருந்தார்.

மொண்டு ஊற்றினேன். குழந்தை வீறிட்டது. அடுத்த செம்பில் அடங்கி, வாயைக் கோணி, எங்களைப் பார்த்துக்கொண்டே கிடந்தது.